பெயர் அதேதான், ஆள்தான் மாற்றம்

நியூயார்க் வரைபடத்தில் மன்ஹாட்டன் என்ற பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த தீவு. இன்னொன்றைப் பார்க்க வேண்டுமானால் கண்ணைத் தெற்கே இறக்கிக்கொண்டே வந்து நகரத்தின் அடிவிளிம்பைத் தொட வேண்டும். புரூக்ளின் முடிந்து அட்லாண்டிக் தொடங்கும் இடத்தில், கோனி ஐலண்டின் கிழக்கு வாலாக நீண்டு கிடக்கும் சிறு நிலத்துண்டு அது. பெயர் மன்ஹாட்டன் பீச். தெற்கிலும் கிழக்கிலும் கடல். வடக்கில் ஷீப்ஸ்ஹெட் பே என்னும் குடா. மேற்கே மட்டும் தரை. அந்தத் தரைப்பக்கத்து எல்லையில் ஒரு சின்னத் தெரு ஓடுகிறது. கார்பின் பிளேஸ் என்று பலகை சொல்லும். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தப் பலகையைப் பற்றியது. ஆனால் அங்கே போய்ச் சேர, சுற்றியிருக்கும் பெயர்களையும் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மன்ஹாட்டன் பீச் வசதியானவர்களின் குடியிருப்பு. அடுக்குமாடிகள் நெருக்கும் புரூக்ளினில் இங்கே மட்டும் தனித்தனி வீடுகள், முன்புறம் தோட்டம், தெருமுனைக்குப் போனால் மணல். வாழ்கிறவர்களில் பெரும் பகுதியினர் யூதர்கள். ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசிகள் முன்பிருந்தே உண்டு. 1970களில் சோவியத் ஒன்றியத்தை விட்டுக் கிளம்பிய யூதர்கள் முதலில் மேற்கே ஒட்டியிருக்கும் பிரைட்டன் பீச்சின் அடுக்குமாடிகளில் இறங்கினார்கள். கடை வைத்து, தொழில் பார்த்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் பல குடும்பங்கள் கார்பின் பிளேஸைத் தாண்டிக் கிழக்கே குடிவந்தன. பழைய வீடுகளை இடித்துவிட்டு, தூண்களும் மாடமும் வைத்து, மனை முழுவதையும் அடைக்கிற மாளிகைகளைக் கட்டிக்கொண்டார்கள். பழைய வாசிகளுக்கு அந்தத் தூண்களைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சல் உண்டு. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் சப்பாத் தொடங்கிவிடும். நெறி தவறாதவர்கள் மறுநாள் இருட்டும்வரை வண்டியைத் தொடமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை காலையில் தொழுகைக்கூடங்கள் இருக்கும் வெஸ்ட் எண்ட் அவென்யூவில் குடும்பம் குடும்பமாக நடந்து போவார்கள். கோடையில் அதே நாளில்தான் வெளியூர்க்காரர்கள் கடல் குளிக்க வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள்.

இந்த ஊரின் பெயர்களில் ஒன்றைக்கூட இங்கே வாழும் யூதர்கள் வைக்கவில்லை. பெயர் வைத்த காலத்தில் அவர்கள் இங்கே இல்லை. இருக்கவே கூடாது என்றுதான் பெயர் வைத்தவர் நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை, பத்திரிகையிலும் சொன்னார்.

நம் இலக்கணம் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இரண்டாகப் பிரிக்கும். பறப்பதால் பறவை, அது காரணப்பெயர். மரத்தை ஏன் மரம் என்கிறோம் என்று கேட்டால் பதில் இல்லை, அது இடுகுறி. பள்ளியில் படிக்கும்போது இது ஏதோ பெட்டி பிரித்துப் போடுகிற வேலையாகத் தோன்றும். பெயர்கள் ஊர்விட்டு ஊர் போகும்போது இந்தப் பிரிவினை உயிர் பெறுகிறது. ஒரு மண்ணில் காரணத்தோடு பிறந்த பெயர் வேறு மண்ணுக்குப் போனதும் காரணத்தை உதிர்த்துவிட்டு வெறும் இடுகுறியாக நிற்கும். சில சமயம் யாராவது அதற்குப் புதிதாக ஒரு காரணத்தைச் செய்து மாட்டிவிடுவார்கள். மன்ஹாட்டன் பீச்சில் இந்த இரண்டுமே நடந்திருக்கின்றன.

மன்ஹாட்டன் என்பது ஆங்கிலச் சொல் இல்லை. அந்தத் தீவில் வாழ்ந்த லெனாபே மக்களின் மன்ஸி மொழிச் சொல். ஐரோப்பியர் எழுத்தில் அது முதலில் அகப்படுவது 1609இல், ஹென்றி ஹட்சனின் கப்பலில் வந்த ராபர்ட் ஜூவெட்டின் குறிப்பேட்டில், ‘மன்னஹாட்டா’ என்ற வடிவத்தில். பொருள் என்ன என்பதில் பல காலம் ஆளுக்கொரு கதை. குன்றுகள் நிறைந்த தீவு என்றார்கள். ஹெக்கவெல்டர் என்ற மொரேவியப் பாதிரியார், எல்லோரும் குடித்து மயங்கிய இடம் என்று பொருள் சொன்னார். ஹட்சன் கொடுத்த சாராயத்தை நினைவில் வைத்துச் சொன்ன கதை அது. தீவு அந்தப் பெயரைப் பெற்றது ஹட்சன் வருவதற்கு முன்னாலா பின்னாலா என்பதைப் பாதிரியார் யோசித்ததாகத் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மன்ஸி பேசிய ஆல்பர்ட் அந்தோனி என்பவர் சொன்ன விளக்கம் வேறு. வில் செய்வதற்கான மரம் எடுக்கும் இடம்; தீவின் தென்முனையில் அதற்குத் தோதான ஹிக்கரி மரக்கூட்டம் இருந்தது. அல்கோன்கிய மொழிகளில் தோய்ந்த மொழியியலாளர் ஐவ்ஸ் காடர்ட் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்த விளக்கம்தான் இலக்கணத்துக்குப் பொருந்துகிறது என்று நிறுவியிருக்கிறார். குன்று தெரிகிறது என்பதற்காகக் குன்று என்று பொருள் சொல்லும் கூட்டத்தைவிட, வினையையும் விகுதியையும் பிரித்துக் காட்டுகிறவரை நம்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆக, வடக்கே தீவில் அது அசல் காரணப்பெயர்.

அந்தப் பெயர் கடற்கரைக்கு இடம் மாறியது 1870களில், ஆஸ்டின் கார்பின் என்ற வங்கியாளரின் கையால். நியூ ஹாம்ஷயரில் 1827இல் பிறந்தவர். அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில் வங்கி நடத்திப் பொருள் சேர்த்து நியூயார்க் வந்தவர். கோனி ஐலண்டின் கிழக்குக்கோடி அன்றைக்குக் கோரையும் மணலும் உப்பங்கழியுமாகக் கிடந்தது. கிரேவ்ஸெண்ட் ஊராரின் பொதுநிலத்தில் அடங்கியது. கார்பின் அதை வளைத்தார், தாமே ஒரு ரயில் பாதை போட்டார், 1877 கோடையில் மன்ஹாட்டன் பீச் ஹோட்டலைத் திறந்தார். தீவின் பணக்காரர்கள் ஈஸ்ட் ரிவரைப் படகில் கடந்து, அவருடைய ரயிலில் ஏறி, அவருடைய ஓட்டலில் இறங்கி, அவருடைய மணலில் காற்று வாங்கவேண்டும் என்பது கணக்கு. அதற்கு ஏற்ற பெயர் வேண்டாமா? அன்று அந்த இடம் மன்ஹாட்டனில் இல்லை, நியூயார்க் நகரத்தில் இல்லை, புரூக்ளினில்கூட இல்லை. கிரேவ்ஸெண்ட் புரூக்ளினோடு சேர்ந்தது 1894இல்; புரூக்ளின் நியூயார்க்கோடு சேர்ந்தது 1898இல். வில்மரம் எடுக்கும் இடம் என்ற பெயரை, வில் வளைக்க ஒரு கொம்புகூடக் கிடைக்காத மணல்மேட்டில் நட்டுவிட்டார். வாடிக்கையாளர் யார் என்று சொல்ல வைத்த பெயர் அது. மனை விற்கிறவர்கள் இன்றுவரை இதைத்தான் செய்கிறார்கள்.

வாடிக்கையாளர் யார் இல்லை என்பதையும் 1879 ஜூலையில் அவர் சொல்லிவிட்டார். நியூயார்க் ஹெரால்டு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், யூதர்களைத் தமக்குப் பிடிக்காது என்றும், அவர்கள் வந்தால் தாம் விரும்பும் வகையான ஆட்கள் வரமாட்டார்கள் என்றும், மன்ஹாட்டன் பீச்சில் அவர்களுக்கு இடமில்லை என்றும் வெளிப்படையாகப் பேசினார். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் சரடோகாவில் ஒரு பெரிய ஓட்டல், ஜோசப் செலிக்மன் குடும்பத்துக்கு அறை மறுத்துப் பரபரப்பாகியிருந்தது. செலிக்மன் சாதாரண ஆள் இல்லை. உள்நாட்டுப் போரின்போது வடக்கு அரசின் கடன்பத்திரங்களை விற்றுக்கொடுத்த வங்கியாளர். அவருக்கே இடமில்லை என்றால் மற்றவர்க்கு என்ன? சரடோகாவில் மறுத்தது ஓட்டல் மேசையில். கார்பின் அதை வணிகக் கொள்கையாகவே அறிவித்தார். பழைய மன்ஹாட்டனின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இதில் ஒரு முரண் இருக்கிறது. பிரேசிலின் ரெசிஃபேயிலிருந்து வந்த 23 யூதர்கள் அசல் மன்ஹாட்டனில், அன்றைய நியூ ஆம்ஸ்டர்டாமில், 1654இலேயே கால்வைத்துவிட்டார்கள். ஆளுநர் ஸ்டைவசென்ட் அவர்களை விரட்டப் பார்த்தார். டச்சு மேலைந்தியக் கம்பெனி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அடுத்த ஆண்டு உத்தரவிட்டது. கார்பின் கடன்வாங்கிய பெயரோடு யூதர்களுக்கு 225 ஆண்டு உறவு. கார்பினுக்கு அந்தப் பெயரோடு இருந்தது ரயில் டிக்கெட் உறவு.

அவர் விலைக்கு வாங்கிய மண்ணுக்கும் இதே போல ஒரு முன்கதை உண்டு. கிரேவ்ஸெண்ட்டை நிறுவியது டெபோரா மூடி என்ற சீமாட்டி. மத நெருக்கடிக்குப் பயந்து இங்கிலாந்தை விட்டு மாசசூசெட்ஸ் வந்து, அங்கும் நெருக்கடி வந்து, டச்சுப் பகுதிக்குத் தப்பியவர். 1645இல் ஆளுநர் கீஃப்ட் அளித்த உரிமைப்பட்டயத்தில் மனச்சாட்சி விடுதலை எழுத்தில் இருந்தது. அந்த ஊரின் புறம்போக்கில்தான் கார்பின் தம் விலக்கைப் போட்டார்.

அக்கம்பக்கத்துப் பெயர்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். கோனி ஐலண்டை டச்சுக்காரர்கள் கோனைன் தீவு என்றார்கள். முயல்தீவு. ஷீப்ஸ்ஹெட் என்பது ஒரு மீன். அதன் முன்பற்கள் ஆட்டுப் பற்களைப் போல வரிசையாக இருப்பதால் ஆட்டுத்தலை ஆயிற்று. ஒருகாலத்தில் குடாவில் ஏராளமாகப் பிடிபட்டது. கார்பின் என்ற குடும்பப் பெயரோ பழைய பிரெஞ்சில் காகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முயல், ஆட்டுத்தலை மீன், காகம். நாகரிக மனிதர் மட்டுமே வரவேண்டும் என்று வேலி போட்ட இடத்தில் பெயரளவிலாவது வனவிலங்குகள் தாராளமாக இருந்திருக்கின்றன.

மேற்கே பிரைட்டன் பீச். 1878இல் எதிராளிகள் கார்பினுக்குப் போட்டியாக இன்னொரு ஓட்டல் கட்டி இங்கிலாந்தின் கடற்கரை நகரான பிரைட்டனின் பெயரைச் சூட்டினார்கள். பழைய ஆங்கிலத்தில் அது பியோர்த்ஹெல்ம் என்ற ஏதோ ஒரு குடியானவனின் பண்ணை. கடல் அந்த ஓட்டலை அரிக்கத் தொடங்கியதும், 1888இல் தண்டவாளம் போட்டு, 6 எஞ்சின்களைக் கட்டி, கட்டடத்தை அப்படியே உள்ளே இழுத்து வைத்தார்கள்! சோவியத் யூதர்கள் வந்த பிறகு அந்த இடத்துக்கு லிட்டில் ஒடெஸா என்று பட்டப்பெயர் ஏற்பட்டது. அங்கேயும் பார்த்தால் ஒடெஸா என்பதே கடன்தான். பேரரசி கேத்தரின் காலத்தில், பழைய கிரேக்கக் குடியேற்றமான ஒடெஸோஸ் அருகில்தான் இருந்தது என்று நம்பி அந்தப் பெயரை வைத்தார்கள். உண்மையான ஒடெஸோஸ் இருந்தது கருங்கடலின் வேறு கரையில், இன்றைய பல்கேரியாவின் வார்னாவில். இடம் தவறிய பெயருக்கு இன்னொரு கண்டத்தில் ஒரு நகல்.

மன்ஹாட்டன் பீச்சுக்கே திரும்புவோம். 1880இல் கார்பின் இரண்டாவது ஓட்டலைத் திறந்தார். முதலாவதைவிடக் கிழக்கே, இன்னும் அமைதியாக, இன்னும் விலை கூடுதலாக, மாதக்கணக்கில் குடும்பத்தோடு வந்து தங்குகிறவர்களுக்காக. பெயர் ஓரியண்டல் ஹோட்டல். கூரை விளிம்பில் மினாரெட் போன்ற கோபுரங்கள். ‘கீழ்த்திசை’ என்று பலகை மாட்டிக்கொண்டு யூதரை விலக்கி வைத்ததில் இருக்கிற வேடிக்கை அன்றைய வாடிக்கையாளர்களுக்கு உறைத்ததோ என்னவோ. அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யூதரைக் கீழ்த்திசையார் என்று குறிப்பது சகஜம். யூதர்களே அந்தச் சொல்லைக் கொஞ்சம் பெருமையோடு ஏற்று, மூரிய பாணியில் வெங்காயக் குவிமாடங்களோடு தொழுகைக்கூடம் கட்டினார்கள். மன்ஹாட்டன் தீவின் லெக்சிங்டன் அவென்யூவில் 1872இல் எழுந்த சென்ட்ரல் சினகாக் அந்த வகை, இன்றும் இருக்கிறது. கார்பினுக்கும் கீழ்த்திசை வேண்டியிருந்தது, கூரைக்கு மட்டும்.

கார்பினின் கடற்கரை சில காலம் ஓஹோ என்று நடந்தது. ஜான் ஃபிலிப் சூசாவின் இசைக்குழு அங்கே கோடைக்குக் கோடை வாசித்தது. 1893இல் ‘மன்ஹாட்டன் பீச்’ என்றே ஒரு அணிவகுப்பு இசை எழுதி அவர் அதைக் கார்பினுக்குக் காணிக்கையாக்கினார். அந்த இசையைப் பள்ளிக்கூட பேண்டு குழுக்கள் இன்னும் வாசிக்கின்றன. 1896இல் நியூ ஹாம்ஷயரில் குதிரைகள் மிரண்டு வண்டி கவிழ்ந்ததில் கார்பின் இறந்துபோனார். அவருக்குப் பிறகு ஓட்டல்கள் அதிக நாள் தாங்கவில்லை. ஷீப்ஸ்ஹெட் பே குதிரைப்பந்தயத் திடலை நம்பி வந்த கூட்டம், சூதாட்டத் தடைச் சட்டம் வந்ததும் 1910ஓடு நின்றது. முதல் ஓட்டல் அடுத்த சில ஆண்டுகளில் இடிபட்டது, ஓரியண்டல் 1916இல். நிலம் மனைகளாயிற்று. தெருக்களுக்கு மேற்கிலிருந்து கிழக்காக அகரவரிசையில் ஆங்கிலேயத் தொனியுள்ள பெயர்களாகப் பொறுக்கி வைத்தார்கள்: ஆம்ஹர்ஸ்ட், போமாண்ட், கோல்ரிட்ஜ், டோவர், எக்ஸெட்டர், ஃபால்மத் என்று தொடங்கி பெம்புரோக் வரை. நடுவில் நீளமாக ஓடும் பெரிய வீதி ஓரியண்டல் புல்வார். மினாரெட்டுகள் போய் நூறு ஆண்டுக்கு மேலாகிறது. காரணம் இடிந்துவிட்டது, பெயர் மட்டும் இடுகுறியாக வீதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கிழக்குக்கோடியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடலோரக் காவல்படைக்கும் வணிகக் கப்பல் மாலுமிகளுக்குமான பயிற்சிக்கூடங்கள் இருந்தன. இப்போது கிங்ஸ்பரோ சமூகக் கல்லூரி.

கார்பின் தடுத்தவர்கள் எந்தப் போராட்டமும் இல்லாமல், மனை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கடனைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். 1920களில் தொழுகைக்கூடம் எழுந்துவிட்டது. போருக்குப் பின் நாஜி முகாம்களிலிருந்து பிழைத்தவர்கள் பலர் தெற்குப் புரூக்ளினில் தங்கினார்கள். ஷீப்ஸ்ஹெட் பேயின் மேற்கு முனையில், மன்ஹாட்டன் பீச்சுக்குள் நுழையும் வாயிலிலேயே, அவர்களுக்கான நினைவுப் பூங்கா இருக்கிறது. உறவினர் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பெயர் எழுதி வைப்பதன் அருமை அந்தப் பூங்காவுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவர்கள் வாழும் ஊரின் நுழைவுத் தெருவுக்குக் கார்பின் பிளேஸ் என்று பெயர். அந்தப் பெயரை முகவரியாக எழுதி, கடிதம் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த எத்தனையோ பேருக்கு அது யார் பெயர் என்று தெரியாது. தெரிய வந்ததும் சிலருக்குப் பொறுக்கவில்லை, மாற்றவேண்டும் என்றார்கள். வேறு சிலர், பெயரை மாற்றினால் முகவரி மாறும், வீட்டுப் பத்திரத்திலிருந்து ஓட்டுநர் உரிமம்வரை எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு அலைய வேண்டும் என்று முகம் சுளித்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம்தான். 2007இல் நியூயார்க் நகர மன்றம் ஒரு வழி கண்டது. தெருவின் பெயர் கார்பின் பிளேஸ் என்றே இருக்கும். ஆனால் அது இனி ஆஸ்டின் கார்பினைக் குறிக்காது. மார்கரெட் கார்பினைக் குறிக்கும். பலகையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

மார்கரெட் கார்பின் யார்? பென்சில்வேனியாவில் 1751இல் பிறந்தவர். ஜான் கார்பின் என்ற பீரங்கிப் படையாளின் மனைவி. 1776 நவம்பர் 16 அன்று பிரித்தானியருக்கும் அவர்களுடைய ஜெர்மானியக் கூலிப்படைக்கும் எதிராக ஃபோர்ட் வாஷிங்டனைக் காத்த சண்டையில் கணவன் செத்து விழுந்தான். மார்கரெட் அந்தப் பீரங்கியைத் தாமே கையாண்டு சுட்டார். கையிலும் மார்பிலும் தாடையிலும் குண்டுச் சிதறல் பாய்ந்து, இடது கை பிறகு உதவவே இல்லை. 1779இல் காங்கிரஸ் அவருக்கு ராணுவ ஓய்வூதியம் வழங்கியது. அமெரிக்காவில் அதைப் பெற்ற முதல் பெண். ஓய்வூதியம் என்றால் ஒரு படைவீரனின் சம்பளத்தில் பாதி, கூடவே ஒரு ஜோடி உடுப்பு. 1800இல், வெஸ்ட் பாயின்டுக்குப் பக்கத்தில், ஏழையாகவே இறந்தார்.

ஃபோர்ட் வாஷிங்டன் இருந்தது அசல் மன்ஹாட்டன் தீவின் வடகோடியில். ஆக, மன்ஹாட்டனில் ரத்தம் சிந்தியவரின் பெயர், மன்ஹாட்டன் என்று பெயர் மட்டும் உள்ள இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிறப்பால் அவர் காக்ரன். கார்பின் கணவன் வழி வந்த பெயர். காகத்தின் பெயரைக் கணவனிடமிருந்து பெற்று, பீரங்கியையும் அவனிடமிருந்து பெற்றார் என்று சொல்லலாம். அவர் போரிட்ட குன்றைச் சுற்றி இப்போது பெரிய பூங்கா. அதன் பெயர் ஃபோர்ட் டிரையன். டிரையன் யாரென்றால் அந்த மாகாணத்தின் கடைசி பிரித்தானிய ஆளுநர்களில் ஒருவர், மார்கரெட்டைச் சுட்ட பக்கத்து ஆள். வென்றவர்கள் கோட்டைக்கு வைத்த பெயர், அவர்கள் தோற்று ஓடிய பிறகும் அப்படியே தங்கிவிட்டது. பூங்காவின் வாசல் வட்டத்துக்கு மட்டும் பிற்பாடு மார்கரெட்டின் பெயரை வைத்தார்கள்.

ஒரே எழுத்து, வேறு ஆள் என்ற தந்திரத்தை நியூயார்க் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுன்டி, அலபாமாவைச் சேர்ந்த அடிமை உடைமையாளர் வில்லியம் ரூஃபஸ் கிங்கின் பெயரால் 1852இல் அமைந்தது. 1986இல் அந்த கவுன்டியின் மன்றம், இனி இது மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் என்று தீர்மானம் போட்டது. 2005இல் மாநிலச் சட்டமும் அதை உறுதிசெய்தது. அங்கே பொருத்தம் கச்சிதம்: அடிமை வைத்திருந்தவரை இறக்கிவிட்டு அடிமைகளின் வழித்தோன்றல் ஒருவரை ஏற்றியிருக்கிறார்கள். கார்பின் பிளேஸில் அந்தக் கச்சிதம் இல்லை. மார்கரெட்டுக்கும் கடற்கரைக்கும் சம்பந்தமில்லை. மார்கரெட்டுக்கும் யூதர்க்கும் சம்பந்தமில்லை. குடும்பப் பெயர் ஒத்துப்போனது, குற்றம் சொல்ல முடியாத வீராங்கனை, அவ்வளவுதான். நம் இலக்கணச் சொல்லில், காரணப்பெயரின் காரணத்தைக் கழற்றிவிட்டு, தீர்மானத்தின் மூலம் வேறொரு காரணத்தை மாட்டியிருக்கிறார்கள். நன்னூலார் இப்படியொரு வகையை எண்ணியிருக்க மாட்டார்.

இது சரியா என்று கேட்டால் என் மனம் இரண்டாகத்தான் நிற்கிறது. பெயர்ப்பலகையை அப்படியே விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் மாற்றினால், மறதிக்கு வசதி செய்துகொடுக்கிறோம் என்று வாதாடலாம். பலகையைப் பார்ப்பவருக்கு ஆஸ்டினும் தெரியாது, மார்கரெட்டும் தெரியாது. ஆனால் நடந்தது வேறு. 2007க்கு முன் ஆஸ்டின் கார்பினை ரயில் வரலாறு படிப்பவர்களும் சூசாவின் ரசிகர்களும்தான் அறிந்திருந்தார்கள். தீர்மானம் வந்தபோது பத்திரிகைகள் எழுதின. அவர் ஹெரால்டில் பேசியது மறுபடி அச்சேறியது. அவரை மறைக்க எடுத்த முயற்சியால்தான் அவர் பேச்சு இப்போது எல்லோருக்கும் தெரியும். தெருவாசிகள் யாரும் திருத்தப் பத்திரம் எழுதவேண்டி வரவில்லை என்பதும் சின்ன லாபமில்லை.

வேலி என்கிற விஷயம் மட்டும் அந்த மண்ணைவிட்டு முழுதும் போகவில்லை. 1880இல் ஷீப்ஸ்ஹெட் பேயின் குறுக்கே கட்டிய மரப்பாலம் இன்னும் இருக்கிறது, நடந்து போகிறவர்களுக்கு மட்டும். கோடையின் வாரக்கடைசிகளில் மன்ஹாட்டன் பீச்சின் பல தெருக்களில் வண்டி நிறுத்தத் தடை; கடற்கரை பொதுச்சொத்துதான், 1955இல் பூங்காவாகத் திறந்ததுதான், ஆனால் வண்டியை எங்கே விடுவது? மேட்டுக்குடிக் கடற்கரைகள் எல்லாவற்றிலும் நடப்பதுதான் இது. யூதர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மனைவிலைக்கும் இதற்கும்தான் சம்பந்தம். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் வந்தபோது கடல் எந்தத் தடைப்பலகையையும் படிக்கவில்லை. தெற்கிலிருந்து கடலும் வடக்கிலிருந்து குடாவும் ஏறி, மாளிகைகளின் அடித்தளங்களில் சந்தித்துக்கொண்டன.

மார்கரெட்டைப் பற்றி ஒரு பாக்கி இருக்கிறது. 1926இல் அமெரிக்கப் புரட்சியின் மகளிர் சங்கத்தார் அவருடைய கல்லறை என்று நம்பிய இடத்தைத் தோண்டி எலும்புகளை எடுத்து வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் கல்லறைத் தோட்டத்தில் மரியாதையோடு அடக்கம் செய்து நினைவுக்கல் நட்டார்கள். 2016இல் பக்கத்தில் கட்டுமான வேலை நடந்தபோது இயந்திரம் அந்தக் குழியைக் கிளறிவிட்டது. எலும்புகளைச் சோதித்துப் பார்த்ததில், அடுத்த ஆண்டு முடிவு வந்தது. அது பெண்ணின் உடலே இல்லை. யாரோ ஓர் ஆண். 90 ஆண்டுகளாக மார்கரெட் கார்பின் என்ற பெயரின் கீழ் படுத்திருந்தவர் வேறு ஆள். கல் அங்கேயே இருக்கிறது, அவர் பெயரோடு.

ஆஸ்டினுக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. அசல் மன்ஹாட்டனில், பிராட்வேயும் ஜான் தெருவும் சந்திக்கும் முனையில், அவர் 1880களின் இறுதியில் கட்டிய அலுவலகக் கட்டடம் இருக்கிறது. சுடுமண் வேலைப்பாடும் வளைவு ஜன்னல்களும் கொண்ட அழகான கட்டடம். நகரப் போக்குவரத்து நிர்வாகம் அதைப் பழுதுபார்த்து, 2014இல் திறந்த ஃபுல்டன் சென்டர் சுரங்க ரயில் நிலையத்தோடு இணைத்துவிட்டது. தினமும் பல்லாயிரம் பேர் அந்த நிலையத்தின் வழியாக நடக்கிறார்கள், கடற்கரைக்குப் போகிற யூதர்கள் உட்பட. அதன் பெயர் கார்பின் பில்டிங். அங்கே இன்னும் அது ஆஸ்டினைத்தான் குறிக்கிறது.